‘எலி டல்’ என்று எழுதினால் போதாது: ஆய்வக எலிகளின் நோயைக் கண்டு தெரிவிக்கும் முறை

ஆய்வக விலங்குகளை வளர்க்கும் அனிமல் ஹவுஸின் பதிவேட்டில் ‘கூண்டு 14, எலி டல்’ என்று ஒரு வரி இருந்தால் கால்நடை மருத்துவருக்கு அதனால் பயன் இல்லை. எந்த எலி, எடை எவ்வளவு, எப்போதிலிருந்து, தின்கிறதா, மூச்சு எப்படி என்று அவர் முதலிலிருந்து கேட்க வேண்டும். அதற்குள் பாதி நாள் போய்விடும். எலியும் சுண்டெலியும் இரையாகும் இனம். ஆள் நடமாட்டம் தெரிந்தால் நோயை மறைத்துக்கொள்ளும். நம் கண்ணுக்கு ‘டல்’ என்று படும்போதே நோய் முற்றியிருக்கும்.

அதனால் காலைச் சுற்றில் உள்ளே போனதும் கூண்டுகள் அடுக்கிய ரேக்கைத் தொடாதீர்கள். ஓரடி தள்ளி நின்று ஒரு நிமிடம் பாருங்கள். பகலில் அவை தூங்கும். ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தால் கவலை இல்லை. கூட்டத்தை விட்டு ஒன்று மட்டும் மூலையில் குனிந்து, மயிர் சிலிர்த்து, கண் பாதி மூடி உட்கார்ந்திருந்தால் அதுதான் நீங்கள் தேடும் விலங்கு. பிறகு கூண்டை மெல்ல இழுங்கள். நலமாக இருப்பது விழித்து மோப்பம் பிடிக்க வரும். நோயுற்றது இருந்த இடத்திலேயே இருக்கும். ஞாயிறு, பொங்கல், தீபாவளி எதுவானாலும் இந்தச் சுற்று தவறக்கூடாது.

விலங்கைக் கையில் எடுக்குமுன் பாட்டிலைப் பாருங்கள். 25 கிராம் சுண்டெலி நாளொன்றுக்கு ஏறக்குறைய 4 மில்லியும், 250 கிராம் எலி 25 மில்லியும் குடிக்கும். தண்ணீர் குறையவே இல்லை என்றால் நோயைச் சந்தேகிக்கும் முன் பாட்டிலின் குடிநீர்க் குழாய் முனையான நிப்பிளை விரலால் தட்டுங்கள். சொட்டு வர வேண்டும். காற்று அடைத்துக்கொண்டால் பாட்டில் நிறையத் தண்ணீர் இருந்தும் விலங்கு தாகத்தில் வாடும். இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு. கூண்டில் படுக்கையாகப் போட்ட உமி குவிந்து நிப்பிளைத் தொட்டால் தண்ணீர் முழுதும் கீழே இறங்கிவிடும். நனைந்த உமியில் கிடக்கும் சுண்டெலி சில மணி நேரத்தில் விறைத்துப்போகும், நம்மூர் வெயில் காலத்திலும்கூட, ஏசி அறை என்றால் இன்னும் சீக்கிரம்.

உமி ரைஸ் மில்லிலிருந்து வருகிறது என்றால் அதில் காட்டெலியின் கழிவும் கலந்திருக்கலாம். 121 டிகிரியில் ஆட்டோகிளேவ் செய்யாமல் (அழுத்த நீராவியில் கிருமி நீக்காமல்) கூண்டில் போடாதீர்கள். தூசி நிறைந்த உமி தும்மலுக்கும் கண் எரிச்சலுக்கும் காரணமாகும். பலரும் அதைத் தொற்று என்று நினைத்துக் குழம்புகிறார்கள்.

சித்திரை, வைகாசியில் கரண்ட் போனால் எல்லாமே தலைகீழ். செட்டிநாட்டு வீட்டின் முற்றமும் சுண்ணாம்புச் சுவரும் தரும் குளுமை மூடிய கான்கிரீட் அறையில் கிடைக்காது. நம் நாட்டு வழிகாட்டு நெறி 18 முதல் 29 டிகிரி. அதைத் தாண்டினால் விலங்குகள் உடலைத் தரையில் பரப்பிப் படுக்கும். வியர்க்கும் வசதி இல்லாததால் எச்சிலை மயிரில் தடவும். கழுத்தும் மோவாயும் ஈரமாகத் தெரியும். உடனே குளுமையான அறைக்கு மாற்றுங்கள், ஈரத்துணியும் மின்விசிறியும் கொடுங்கள். ஐஸ் தண்ணீர் ஊற்றாதீர்கள். அதிகபட்சம்–குறைந்தபட்சம் காட்டும் வெப்பமானி வைத்துக் காலைதோறும் எண்ணைக் குறித்து மீட்டமைத்தால், இரவு 2 மணிக்குப் போன கரண்டும் பதிவில் நிற்கும்.

எடைக்கு வருவோம். சுண்டெலிக்கு 0.1 கிராம் துல்லியமுள்ள தராசு வேண்டும். ஆரம்ப எடையில் 20 சதவீதம் குறைவு என்பது பல ஆய்வுத் திட்டங்களில் விலங்கைக் கருணைக்கொலை செய்யும் எல்லை. விலங்கு ஆய்வுக்கு அனுமதி தரும் உங்கள் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலில் எழுதியிருப்பதே உங்களுக்குச் சட்டம். ஆனால் கட்டி வளரும் விலங்கிலும் வயிற்றில் நீர் கோர்த்த விலங்கிலும் தராசு ஏமாற்றும். இடுப்பெலும்பை விரலால் தடவி 1 முதல் 5 வரை மதிப்பெண் இடுங்கள்: 3 சரியான உடல், 2 எலும்பு தட்டுப்படும், 1 எலும்புக்கூடு.

எலியின் கண், மூக்கைச் சுற்றிச் சிவப்பாக இருந்தால் ‘ரத்தம்’ என்று எழுதிவிடாதீர்கள். பெரும்பாலும் அது கண்ணுக்குப் பின்னாலுள்ள சுரப்பியில் ஊறும் போர்ஃபிரின் என்னும் சிவப்பு நிறமி. அயர்ச்சிக்கும் நோய்க்கும் அடையாளம். ‘சிவப்புக் கசிவு’ என்று எழுதினால் போதும். பெயர் வைப்பது மருத்துவர் வேலை.

மூச்சுத் திணறல், வலிப்பு, நிற்காத ரத்தம், குட்டி பாதியில் சிக்கிய பிரசவம், தொட்டாலும் அசையாத விலங்கு: இவற்றுக்கு உடனே போன். வாட்ஸ்அப்பில் படம் போட்டுவிட்டுக் காத்திருப்பது தெரிவித்ததாகாது. கடிகாயம், தலைசாய்ப்பு, வயிற்றுப்போக்கு, 10 சதவீதத்துக்கு மேல் எடை இழப்பு என்றால் அன்றைக்கே. மீசை மட்டும் கத்தரித்ததுபோல் இருந்து தோலில் புண் இல்லையென்றால் கூண்டுத் தோழர் கடித்தது. கூண்டு அட்டையில் குறித்தால் போதும்.

பதிவு இப்படி இருக்கட்டும்:

‘கூண்டு 14, பெண் சுண்டெலி, வலது காதில் ஒரு அடையாளத் துளை. காலை 8.20. தனியே குனிந்திருக்கிறது, தொட்டால் இரண்டு எட்டு வைக்கிறது. எடை 20.5 கிராம், திங்களன்று 24. தண்ணீர் குறையவில்லை, நிப்பிள் சரி. மற்ற மூன்றும் நலம். 8.30 மருத்துவருக்குப் போன், 8.35 ஆய்வு மாணவருக்கு, எடுக்கவில்லை.’

மாணவர் எடுக்கவில்லை என்று மருத்துவர் காத்திருக்க வேண்டியதில்லை. வலி தாங்காத விலங்கில் முடிவு மருத்துவருடையது. அவர் வரும்வரை நனைத்த தீவனத்தைத் தரையில் வையுங்கள். கூண்டின் பாதிக்கு மட்டும் சூடு கொடுங்கள், சூடு அதிகமானால் விலங்கு விலகிக்கொள்ள இடம் வேண்டும். சொந்த யோசனையில் ஆன்டிபயாட்டிக் போடாதீர்கள், ஆய்வும் கெடும், நோயும் மறைந்துகொள்ளும்.

ஒரே நாளில் பல கூண்டுகளில் நோய் தெரிந்தால் ரேக்கின் படம் வரைந்து அவற்றைக் குறியுங்கள். ஒரே வரிசையா, ஒரே தீவன மூட்டையா, ஒரே ஆள் கையாண்டதா? விடை அங்கேயே கிடைப்பதுண்டு. அன்று நலமான அறைகளை முதலில் முடித்து, அந்த அறைக்குக் கடைசியில் போங்கள்.

செத்ததை ஃப்ரீசரில் போடாதீர்கள். பனிக்கட்டி செல்களை உடைத்துவிடும், திசுவை ஆராய முடியாது. பெயரெழுதிய பையில் 4 டிகிரி ஃபிரிட்ஜில் வைத்து அன்றே ஒப்படையுங்கள். வெளியே கிடந்தால் சில மணி நேரத்தில் அழுகத் தொடங்கும். கையுறைக்குள் கடி இறங்கினால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கழுவி, உங்களுக்கான மருத்துவரைப் பார்த்து, அதையும் பதிவேட்டில் எழுதுங்கள். பின்னால் காய்ச்சல் வந்தால் எலிகளோடு வேலை செய்வதை அவரிடம் முதலில் சொல்லுங்கள்.