வீட்டிலேயே ஜிக் வார்த்து, பெயின்ற் பூசி, மயிர் கட்டுதல்

ஜிக் என்பது கொளுக்கியில் ஈயத் தலை வார்த்து, மயிரால் வால் கட்டிய செயற்கைத் தூண்டில் இரை. யாழ்ப்பாணம் பண்ணைப் பாலத்தடியில் பாரை, சீலா மீன்களுக்கு வீச 7 முதல் 10 கிராம் வரையான ஜிக் போதும். பருத்தித்துறைப் பக்கம் நீரோட்டம் இழுக்கும் இடத்துக்கு 20 கிராமுக்கு மேல் வேண்டும். கொளுக்கி 1/0 அல்லது 2/0, வெள்ளீயப் பூச்சுள்ளதாக, கழுத்து வளைந்த ஜிக் கொளுக்கியாகவே இருக்கட்டும். அதில் தூண்டில் நூல் கட்டும் வளையம் தலையின் மேற்பக்கம் வரும். முள் மேல்நோக்கி நிற்கும். பாசியில் மாட்டுவது குறையும்.

ஈயத்துக்குப் பழைய வலைக்குண்டுகள் நல்லவை. பற்றரித் தகட்டை ஒருபோதும் உருக்காதீர்கள். அதன் புகை கொடிய நஞ்சு. ஈயம் 327 பாகை செல்சியஸில் உருகும். வாகனச் சில்லு எடைக்கட்டிகளில் துத்தநாகமும் கலந்திருக்கலாம். அதற்கு 419 பாகை வேண்டும், உருகாமல் மேலே மிதப்பதை அள்ளி எறியுங்கள். முற்றத்தில், காற்று முதுகுப்பக்கம் இருக்க, சமையலுக்குத் திரும்பாத இரும்புச் சட்டியில் உருக்குங்கள். மூடிய சப்பாத்து, கண்ணாடி, தடித்த கையுறை கட்டாயம். பிள்ளைகள் கிட்ட வரக்கூடாது. ஒரு துளி நீர் ஈயத்துக்குள் போனாலும் ஆவியாகி வெடித்துச் சிதறும். பிளாஸ்டர் அச்சில் ஈரம் ஒளிந்திருக்கும் என்பதால் அலுமினிய அச்சையே சொல்கிறோம். அச்சில் கொளுக்கியை வைத்து மூடி, உருகிய ஈயத்தை ஊற்றுங்கள். முதல் இரண்டு மூன்று தலைகள் சுருங்கி வந்தால் அச்சு இன்னும் சூடாகவில்லை, திரும்ப உருக்குங்கள்.

வார்த்த தலையில் பிசிறை அரத்தால் தேய்த்து, 400 இலக்க அரத்தாளால் நன்றாக உரசி, தின்னர் தோய்த்த துணியால் துடையுங்கள். ஈயத்தூளை வாயால் ஊதாமல் ஈரத்துணியால் எடுத்து, வேலை முடிந்ததும் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். துடைத்த தலையை வெறுங்கையால் தொட்டால் எண்ணெய் ஒட்டி, பெயின்ற் அந்த இடத்திலிருந்தே உரியத் தொடங்கும்.

முதலில் வெள்ளை எனாமல், மெல்லியதாக இரண்டு தரம். வெள்ளை இல்லாமல் மஞ்சளோ ரோசாவோ பூசினால் ஈயத்தின் சாம்பல் நிறம் ஊடாகத் தெரிந்து மங்கிவிடும். ஒவ்வொரு பூச்சுக்கும் இடையே ஒரு நாள் விடுங்கள். அவசரப்பட்டு எனாமலுக்கு மேல் கியூட்டெக்ஸ் பூசினால் அடிப்பூச்சு சுருங்கும். முழுக்க எனாமல், அல்லது முழுக்க கியூட்டெக்ஸ், இரண்டில் ஒன்று. கலங்கிய நீருக்கு வெள்ளை, மஞ்சள். தெளிந்த நீருக்குச் சூடை மீனின் நிறம்: முதுகு நீலப்பச்சை, வயிறு வெள்ளி. கண்ணுக்கு ஆணித்தலையை வெள்ளையில் தோய்த்து ஒற்றி, காய்ந்ததும் குண்டூசித் தலையால் கறுப்பு வையுங்கள். வளையத்துக்குள் போன பெயின்ற்றைக் காயுமுன் ஊசியால் குத்தி எடுங்கள். விட்டால் தங்கூசி (நைலோன் தூண்டில் நூல்) ஏறாது. மேலே மெல்லிய எபொக்சிப் படலம் ஒன்று இட்டால் கல்லில் உரசினாலும் நிறம் நிற்கும்.

மயிர் கட்டு எப்போதும் கடைசி வேலை. முந்திக் கட்டினால் பெயின்ற் மயிருக்குள் இறங்கி விறைத்துவிடும். ஆட்டு வால் மயிரைச் சவர்க்காரத்தில் கழுவி நிழலில் உலர்த்துங்கள். குறட்டின் பிடியில் இறப்பர் பான்ட் சுற்றினால் கொளுக்கியை அதுவே பிடித்து நிற்கும். பொலியெஸ்டர் நூல்தான்; பருத்தி உப்பில் உக்கும். தலைக்குப் பின்னால் 12 சுற்று அடித்தளமாகச் சுற்றுங்கள்.

பிறகு தீக்குச்சித் தடிப்பு மயிரை எடுத்து, நுனிகள் கொளுக்கி வளைவைத் தாண்டி 3 சென்ரிமீற்றர் நிற்கும்படி வைத்து, இரண்டு சுற்றுத் தளர்வாகவும் மூன்றாவதை இறுக்கியும் இழுங்கள். முதல் சுற்றையே இறுக்கினால் மயிர் தண்டைச் சுற்றி ஓடிவிடும். இப்படி மேலொன்று, கீழொன்று, பக்கத்துக்கொன்றாக நாலு கட்டு. அதற்கு மேல் வேண்டாம்: அடர்ந்த மயிர் காற்றைப் பிடித்துத் தாழாது, நீருக்குள் அசையவும் மாட்டாது. சேவல் கழுத்திறகு இரண்டைப் பக்கத்துக்கொன்றாகச் சேர்த்தால் வால் இன்னும் நன்றாகத் துடிக்கும்.

முடிச்சுக்கு வேறொரு நூலை மடித்துக் கண்ணியாகக் கழுத்தின் மேல் கிடத்தி, அதன் மேல் 8 சுற்றுச் சுற்றி, நூல் நுனியைக் கண்ணிக்குள் விட்டு, கண்ணியின் இரு முனைகளையும் இழுங்கள். நுனி சுற்றுக்குள் புதைந்துவிடும். ஒரு துளி சுப்பர் குளூ போதும். கூடினால் மயிருக்குள் ஊறும், பெயின்ற்றின் மேல் வெண்படலமும் விழும்.