முதிய லாப்ரடோரின் மூச்சிரைப்பு: என் அனுபவம்

வெள்ளவத்தையில் எங்களுடன் வாழும் முதிய லாப்ரடோர் நாய், சித்திரை வெக்கையில் சிறிது தூரம் நடந்தாலே பெரும் இரைச்சலுடன் மூச்சுவாங்கி நின்றுவிடத் தொடங்கியது. சளி என்று கருதி முதலில் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொடுக்கப்பட்டது, மாற்றமில்லை. இதய நோயாக இருக்கலாம் என்று எக்ஸ்ரே எடுத்தார்கள், அதிலும் குறையில்லை. உறங்கும்போது மூச்சை எண்ணினால் நிமிடத்துக்கு 30-க்கும் குறைவு, அதாவது இயல்பான அளவே.

துப்புக் கொடுத்தது அதன் குரல்தான். சில மாதங்களாகவே குரைப்பு கரகரத்துத் தேய்ந்திருந்தது; அந்த இரைச்சலும் மூச்சை வெளிவிடும்போது எழவில்லை, உள்ளிழுக்கும்போதே எழுந்தது. இதைக் கைப்பேசியில் பதிவுசெய்து காட்டியதும், வேறொரு மிருக வைத்தியர் இலேசான மயக்கத்தில் தொண்டையைப் பரிசோதித்து, மூச்சிழுக்கும்போது விரிய வேண்டிய குரல்வளைக் குருத்தெலும்புகள் அசையாதிருப்பதைக் கண்டார். வயதான லாப்ரடோர்களில் இக்குரல்வளை வாதம் அரிதன்று.

கழுத்துப் பட்டியை அகற்றி மார்புப் பட்டி அணிவித்தோம். நடையை விடியற்காலைக்கு மாற்றி, உடல் எடையையும் குறைத்தோம். மூச்சிரைப்பு வெகுவாகத் தணிந்தது, பெரும் நிம்மதி. ஈறு நீலம் பாய்ந்தால் ஒரு கணமும் தாமதிக்காமல் கொண்டுவரும்படி வைத்தியர் சொல்லியிருக்கிறார். அறுவைச் சிகிச்சையால் ஒரு பக்கக் குருத்தெலும்பைத் திறந்த நிலையில் கட்டிவிடலாம் என்றாலும், அதன்பின் உணவு நுரையீரலுக்குள் புகும் அபாயம் கூடுவதால், இப்போதைக்கு நாங்கள் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை.