ஏலகிரிக்கு ஒருநாள் நடை: ஏரியை முதலில் பார்க்காதீர்கள்

வேலூர்க்காரர்களுக்கு ஏலகிரி பக்கத்து வீடு மாதிரி. சுமார் 90 கிலோமீட்டர். ஆம்பூர், வாணியம்பாடி தாண்டிப் பொன்னேரி, அங்கிருந்து 14 கொண்டை ஊசி வளைவுகள், மேலே அத்தனாவூர், புங்கனூர் ஏரி. இத்தனை பக்கத்தில் இருப்பதாலேயே யாரும் திட்டம் போடுவதில்லை. "காலையில கிளம்பிப் போயிட்டு ராத்திரி வந்துடலாம்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ஏரியில் படகு விட்டுத் திரும்புவதென்றால் அது போதும். மங்கலம் கிராமத்திலிருந்து ஏலகிரியிலேயே இருக்கும் சுவாமிமலை உச்சிவரை ஏறி இறங்கி, ஏரிக்கரையிலும் உட்கார்ந்துவிட்டு வரவேண்டும் என்றால் அது போதாது.

நான் பார்த்தவரை முதல் தவறு வரிசையில்தான் நடக்கிறது. அத்தனாவூரில் இறங்கியதும் ஏரி கண்ணில் படும். படகு, பஜ்ஜி, பிள்ளைகளின் அடம். எல்லாம் முடிந்து மலையடிக்குப் போகும்போது மணி பன்னிரண்டு. எங்கள் குடும்பத்தோடு முதன்முறை போனபோது இதையேதான் செய்தோம். போதாததற்கு வழியில் ஆம்பூரில் நிறுத்தி, வயிறு முட்டப் பிரியாணியும் சாப்பிட்டிருந்தோம். உச்சி வெயிலில் பாதி ஏறியதும் மாமா ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்திருந்தது, கை சில்லிட்டிருந்தது. "நீங்க போங்கடா, நான் இங்கயே இருக்கேன்" என்றார். அவரை விட்டுவிட்டு எங்கே போவது? நிழலில் படுக்க வைத்து, உப்புப் போட்ட மோரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, எல்லோருமாக இறங்கி வந்தோம். அன்றிலிருந்து எங்களுக்கு மலை முதலில், ஏரி கடைசியில். வேலூரிலிருந்து விடியற்காலை நாலரைக்கே கிளம்பிவிடுகிறோம். பிரியாணி திரும்பி வரும்போது.

அடுத்தது நேரக் கணக்கு. "மூணு கிலோமீட்டர்தானே" என்று சமதரைக் கணக்கில் யோசிக்கக் கூடாது. மலை நடைக்கு ஒரு பழைய கணக்கு உண்டு: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு 600 மீட்டர் உயரத்துக்கு இன்னொரு மணி நேரம். 1892-இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சொன்னது. அதுவும் பழகிய கால்களுக்கு, நிற்காமல் நடந்தால். பிள்ளைகளும் பெரியவர்களும் கூட வந்தால் நான் அதை இரண்டால் பெருக்கிக்கொள்கிறேன். ஊர்க்காரரிடம் தூரம் கேட்டால் "இதோ பக்கத்துலதான்" என்பார். அவர் பொய் சொல்லவில்லை, தினமும் ஏறி இறங்கும் அவருடைய காலுக்கு அது பக்கம்தான். அதனால் தூரத்தைக் கேட்காமல், "எங்களை மாதிரி ஆளுங்க போனா எவ்வளவு நேரம் ஆகும்ணா?" என்று கேளுங்கள்.

இதில் பலரும் கோட்டை விடுவது திரும்பும் நேரத்தில். எத்தனை மணிக்கு உச்சியை அடைவது என்று பேசுகிறவர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவது என்று பேசுவதில்லை. கிளம்பும் முன்பே ஒரு நேரத்தைச் சொல்லி எல்லோரையும் ஒத்துக்கொள்ள வையுங்கள். பதினொன்று என்றால் பதினொன்று. உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் திரும்பிவிட வேண்டும். மலையில் சறுக்கல் பெரும்பாலும் இறங்கும்போதுதான். கால் சோர்ந்திருக்கும், கவனம் ஏரிக்கரை டீயில் இருக்கும், காலடியில் பொடிச்சரளை உருளும். டிசம்பரில் ஆறு மணிக்குள் சூரியன் மறைந்துவிடும், மரங்களுக்கு நடுவே அதற்கு முன்பே இருட்டிவிடும். போன் வெளிச்சத்தை நம்பாமல் தனியாக ஒரு டார்ச் வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் குளிர்ச்சிதான் ஏமாற்றும். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும், அதனால் வாணியம்பாடியில் கொளுத்தும்போது ஏலகிரியில் இதமாக இருக்கும். காற்றில் வேர்வை உடனே உலர்ந்துவிடுவதால் தாகமும் தெரியாது. தலை வலிக்கத் தொடங்கும்போதுதான் உடம்பு வறண்டது புரியும். ஆளுக்கு இரண்டு லிட்டர், வெயில் காலத்தில் மூன்று. அதில் ஒரு பாட்டிலில் எலுமிச்சை, உப்பு, சர்க்கரை கலந்துகொள்ளுங்கள். சாப்பாட்டுக்குப் புளிசாதம் போதும்.

செருப்போடு ஏறுவது தவறு என்று எல்லோருக்கும் தெரியும். அன்று காலை பெட்டியிலிருந்து எடுத்த புது ஷூவோடு ஏறுவதும் அதே அளவு தவறு. குதிகாலில் ஓரிடம் லேசாகச் சூடாகும். அப்போதே உட்கார்ந்து, சாக்ஸைக் கழற்றி, பிளாஸ்திரி ஒட்டிவிட்டால் தப்பித்தோம். "அப்புறம் பாத்துக்கலாம்" என்று நடந்தால் அரை மணியில் கொப்புளம். முந்தின இரவே கால் நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். இறக்கத்தில் விரல் நுனி ஷூவில் மோதிக்கொண்டே இருக்கும்.

அனுமதியை வேலூரில் விசாரித்துக்கொண்டிருக்க வேண்டாம். 2019 முதல் ஏலகிரி திருப்பத்தூர் மாவட்டம். மலையேற்றப் பாதைகளுக்கு 2024-இல் வனத்துறை தொடங்கிய 'டிரெக் தமிழ்நாடு' இணையதளத்தில் பாதை திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பதிவு செய்யுங்கள். கோடையில் மூடியிருந்தால் மாற்றுவழி தேடாதீர்கள். 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத் தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காய்ந்த புல்லில் பிடிக்கும் தீ, சரிவில் மேல்நோக்கி நம்மைவிட வேகமாக ஏறும். நம் பக்கத்து மலைகளிலும் பிப்ரவரி தாண்டினால் புல் அப்படித்தான் காய்ந்து கிடக்கிறது. பீடி, சிகரெட், கல் அடுப்பு எதுவும் வேண்டாம். பாறை இடுக்கில் தேனடை தெரிந்தால் சத்தம் போடாமல் விலகிப் போங்கள். அன்றைக்கு சென்ட் பூசிக்கொள்ளவும் வேண்டாம்.

மதியம் இடி கேட்டால் உச்சியிலும் ஒற்றை மரத்தடியிலும் நிற்காமல் இறங்கிவிடுங்கள். மே மாதத்திலும், ஆகஸ்ட் செப்டம்பரிலும் நம் பகுதியில் மழை பெரும்பாலும் மாலையில்தான் பிடிக்கும்.

இறங்கி வந்து ஏரியைப் பார்த்ததும் பையன்களுக்குக் குதிக்கத் தோன்றும். ஓரத்தில் முழங்கால் ஆழம் போலத் தெரியும், அடுத்த அடியில் சேறு காலை இழுக்கும். நீச்சல் தெரிந்தவனும் களைத்த காலோடு அதில் தப்புவது கஷ்டம். கரையில் உட்கார்ந்து, ஷூவைக் கழற்றிக் காலைக் காற்றாட விடுங்கள். பொன்னேரிக்கு இறங்கும் வளைவுகளுக்குத் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பினால் பிள்ளைகள் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வருவார்கள்.