மக்கள் தொடர்புப் பணியின் பலனை அளப்பது எப்படி: தேடல் சொல்லிலிருந்து மாத அறிக்கை வரை

மாதக் கடைசியில் செய்தி நறுக்குகளை ஒரு கோப்பில் சேர்த்து, "இந்த மாதம் 142 செய்திகள்" என்று மேலே எழுதிக் கொடுப்பது மக்கள் தொடர்புத் துறையின் நெடுநாள் பழக்கம். 142 என்பது செய்த வேலையின் கணக்கு. செய்தியைப் படித்தவர் எதை நினைவில் வைத்தார், அதன் பிறகு என்ன செய்தார் என்பதை அந்த எண்ணிலிருந்து தெரிந்துகொள்ள முடியாது. அதைத் தெரிந்துகொள்ளும் வழியைத்தான் இங்கே படிப்படியாகப் பார்க்கப் போகிறோம். உதாரணத்துக்கு ஒரு ரத்த வங்கியை எடுத்துக்கொள்வோம். 18 முதல் 25 வயதுள்ளவர்களை முதல்முறையாக ரத்ததானம் செய்ய அழைக்கும் மூன்று மாதப் பிரசாரம் அது. உதாரணத்தில் வரும் எண்கள் கணக்கு விளங்குவதற்காக வைத்தவை.

முதலில் ஒரு வாக்கியம்

செய்திக்குறிப்பு எழுதுவதற்கு முன்பே இலக்கை ஒரே வாக்கியத்தில் எழுதி, செலவுக்கு ஒப்புதல் தருபவரிடம் காட்டிச் சம்மதம் வாங்குங்கள். "விழிப்புணர்வை அதிகரிப்பது" என்று எழுதினால் பிறகு அளக்க எதுவும் இருக்காது. "18–25 வயதினரில் முதல்முறை பதிவு செய்பவர்கள் மாதம் 200 பேர், மூன்றாம் மாத முடிவில் இது 300 ஆக வேண்டும்" என்று எழுதினால் யாரிடம், எது, எவ்வளவு, எப்போதைக்குள் என்ற நான்கும் வந்துவிடுகின்றன.

தொடக்க எண்ணான 200 எங்கிருந்து வந்தது? பிரசாரத்துக்கு முந்தைய மூன்று மாதப் பதிவேட்டிலிருந்து. முந்தைய ஆண்டின் அதே மாதங்களையும் சேர்த்து எடுத்து வையுங்கள். கல்லூரி விடுமுறையில் பதிவு தானாகவே குறையும், திறந்தபின் தானாகவே கூடும். அந்த ஏற்றத்தைப் பிரசாரத்தின் வெற்றியாக எழுதிவிடுவது இந்தத் துறையில் அடிக்கடி நடக்கும் பிழை.

இலக்கோடு சேர்த்து, மக்களிடம் போய்ச் சேர வேண்டிய கருத்துகள் மூன்றையும் எழுதி வையுங்கள். மூன்றுக்கு மேல் வேண்டாம். உதாரணத்தில்: முதல்முறை கொடுப்பவருக்கும் இது பாதுகாப்பானது, பதிவுக்குச் சில நிமிடங்கள் போதும், பதிவு செய்யும் இணைப்பு இது. இந்த மூன்றும் பின்னால் வரும் மதிப்பீட்டுத் தாளில் மூன்று நெடுவரிசைகளாகும்.

தேடல் சொல்: பாதித் தவறுகள் இங்கேதான்

செய்திகளையும் பதிவுகளையும் தேடித் தரும் கண்காணிப்புக் கருவி எவ்வளவு விலை உயர்ந்ததானாலும், அதற்குள் நீங்கள் இடும் தேடல் வரிதான் உண்மையான அளவுகோல். அளவுகோல் கோணலாக இருந்தால் அதன் மேல் வரையும் எல்லா வரைபடமும் கோணல்தான். தமிழில் இந்த வேலைக்குக் கூடுதல் கவனம் வேண்டும். ஆங்கிலத்தை மனத்தில் வைத்து உருவான கருவிகள் தமிழில் எங்கே சறுக்கும் என்று விற்பனையாளரே சொல்வது அரிது.

ரத்ததானம் என்ற ஒன்றையே எடுத்துக்கொள்ளுங்கள். ரத்ததானம், ரத்த தானம், இரத்ததானம், இரத்த தானம், குருதிக்கொடை, குருதிக் கொடை, பிளட் டொனேஷன் என்று ஏழு வடிவங்கள் உடனே வந்துவிடுகின்றன. இதே சொற்களை ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்பவர்கள் தனி. இவை அனைத்தையும் 'ஆர்' (OR, அதாவது 'அல்லது') என்ற இணைப்பால் ஒரே வரியில் கோர்க்க வேண்டும். அடுத்தது வேற்றுமை உருபு. 'தானம்' என்று தேடினால் 'தானத்தை', 'தானத்துக்கு', 'தானத்தில்' எதுவும் சிக்காது. இறுதி மகரம் போய் 'த்து' வந்துவிடுகிறதே. சரி, 'தான' என்று வெட்டி அதன் பின்னால் நட்சத்திரக் குறி (அப்படித் தொடங்கும் எல்லாச் சொற்களையும் பிடிக்கும் குறி) போடலாம் என்றால், கணினியின் கணக்கில் 'தான்', 'தானே' இரண்டும் அதே எழுத்துகளில் தொடங்குகின்றன. தமிழில் எழுதப்பட்ட பாதிச் செய்திகள் வந்து குவியும். 'ரத்த' என்று வெட்டினாலும் இதே கதி: 'ரத்து' செய்யப்பட்ட ரயில்களும் 'ரத்தினம்' என்ற பெயருள்ளவர்களும் வந்து சேர்வார்கள். ஆகவே சொல்லைக் குட்டையாக வெட்டாதீர்கள். 'ரத்ததான', 'ரத்த தான' என்று இரு சொற்களும் சேர்ந்த தொடராக வெட்டுங்கள். அது 'ரத்ததானத்தை' என்பதையும் பிடிக்கும், குப்பையையும் தள்ளும்.

'நாட்' (NOT) என்ற விலக்குச் சொல்லில் இன்னும் எச்சரிக்கை தேவை. 'ரத்த அழுத்தம்' என்பதை விலக்கினால் மருத்துவப் பகுதியின் பெரும் கூட்டம் குறையும், உண்மைதான். ஆனால் "ரத்த அழுத்தம் உள்ளவர்கள் ரத்ததானம் செய்யலாமா?" என்ற கட்டுரையும் சத்தமில்லாமல் காணாமல் போகும். உங்களுக்கு மிகவும் வேண்டிய கட்டுரை அது. விலக்குவதை விட, நிறுவனத்தின் பெயரோ 'முகாம்', 'பதிவு' போன்ற சொல்லோ பத்துச் சொல் தொலைவுக்குள் வர வேண்டும் என்று நெருக்க விதி வைப்பது மேல்.

கண்ணுக்குத் தெரியாத சிக்கல் ஒன்றும் உண்டு. 'கொடை' என்பதில் உள்ள 'கொ'வின் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியாக இட்டும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோல் தெரியும். எழுத்தை இயல்பாக்கம் செய்யாத, அதாவது இரண்டையும் ஒரே வடிவுக்கு மாற்றாத கருவிக்கு அவை இரு வேறு சொற்கள். கருவியை வாங்கும் முன், இரு வகையிலும் தட்டச்சு செய்து தேடி, ஒரே எண்ணிக்கை வருகிறதா என்று பாருங்கள். யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் உருவான பிடிஎஃப் இதழ்கள், படமாக மட்டும் ஏற்றப்படும் பக்கங்கள் ஆகியவை தேடலில் வரவே வராது. அவற்றை ஒருவர் கண்ணால் பார்த்துத்தான் சேர்க்க வேண்டும்.

தேடல் வரி சரியா என்று இரண்டு சோதனைகளில் தெரிந்துவிடும். வந்த முடிவுகளில் 100-ஐக் கண்மூடி எடுத்துப் படியுங்கள். பொருந்துபவை 80-க்குக் கீழே இருந்தால் வரியைத் திருத்துங்கள். அடுத்து, மூன்று நாளிதழ்களை ஒரு வாரம் முழுக்கக் கையால் புரட்டி, தொடர்புடைய செய்திகளைப் பட்டியலிட்டு, கருவி அவற்றில் எத்தனையைப் பிடித்தது என்று பாருங்கள். முதல் சோதனையைப் பலர் செய்கிறார்கள், இரண்டாவதைச் செய்வதில்லை. தவறவிட்ட செய்தி எங்கும் தெரியாது என்பதால் அதைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது.

மதிப்பீட்டுத் தாள்

செய்தி முகமை ஒன்றின் ஒரே செய்தி 20 தளங்களில் அப்படியே வந்தால் அது ஒரு செய்தி, 20 வெளியீடுகள். இரண்டு எண்களையும் தனித்தனியாக வையுங்கள். பிறகு விரிதாளில் செய்திக்கு ஒரு வரிசை: தேதி, ஊடகம், உங்கள் பெயர் வந்த இடம் (தலைப்பு, முதல் பத்தி, அதற்குக் கீழே), தொனி (நேர்மறை, நடுநிலை, எதிர்மறை), மூன்று கருத்துகளும் வந்தனவா என்பதற்கு ஒன்று அல்லது பூஜ்யம், உங்கள் பேச்சாளரின் மேற்கோள் உண்டா, பதிவு இணைப்பு உண்டா, செய்தி உங்கள் குறிப்பிலிருந்து பிறந்ததா செய்தியாளரே தேடி எழுதியதா.

தொனியை எழுதும் முன் யாரைப் பற்றிய தொனி என்று முடிவு செய்யுங்கள். "ரத்தப் பற்றாக்குறையால் அறுவை சிகிச்சை தள்ளிவைப்பு, உடனடியாக முன்வந்தது ரத்த வங்கி" என்ற செய்தியில் உள்ள சொற்களை வைத்துத் தானியங்கிக் கருவி எதிர்மறை என்று குறிக்கும். ரத்த வங்கிக்கோ அது நல்ல செய்தி. தமிழும் ஆங்கிலமும் கலந்த சமூக ஊடகப் பதிவுகளில், குறிப்பாகக் கேலியாகப் பாராட்டும் பதிவுகளில், இந்தக் கருவிகள் இன்னும் மோசமாகத் தடுமாறும். தானியங்கித் தொனியை வரிசைப்படுத்த மட்டும் பயன்படுத்துங்கள். அறிக்கையில் போகும் எண்ணை மனிதர் குறிக்கட்டும்.

ஒருவர் மட்டும் குறித்தால் அது அவருடைய கருத்து. ஒரே 50 செய்திகளை இருவர் தனித்தனியாகக் குறிக்கட்டும். 42-ல் ஒத்துப்போனால் 84%, பார்வைக்கு அருமை. ஆனால் இருவருமே 80% செய்திகளை நடுநிலை என்றும், மீதியில் பாதியை நேர்மறை, பாதியை எதிர்மறை என்றும் குறித்திருந்தால், குருட்டாம்போக்கில் குறித்திருந்தாலும் 66% ஒத்துப்போயிருக்கும். அந்தத் தற்செயல் ஒப்புதலைக் கழிக்கும் கோஹன் கப்பா கணக்கு: 0.84-லிருந்து 0.66-ஐக் கழித்து, 0.34-ஆல் (1-லிருந்து 0.66 போக மீதி) வகுக்க வேண்டும். விடை ஏறக்குறைய 0.53. இது போதாது. 0.8-ஐ எட்டப் பாருங்கள், 0.67-க்குக் கீழே இருந்தால் வரையறையைத் திருத்தி மீண்டும் குறியுங்கள். பெரும்பாலும் சண்டை நடுநிலைக்கும் நேர்மறைக்கும் இடையேதான் வரும். "பேச்சாளரின் மேற்கோள் இருந்தால் மட்டும் நேர்மறை ஆகாது" என்பது போன்ற ஒரு வரி விதி பாதியைத் தீர்த்துவிடும்.

4,000 சமூக ஊடகப் பதிவுகள் வந்தால் அனைத்தையும் படிக்கத் தேவையில்லை. குலுக்கல் முறையில் சுமார் 385 எடுத்தால், 95% நம்பகத்தில் (நூறு முறை எடுத்தால் சுமார் 95 முறை) கூடக்குறைய 5 சதவீதப் புள்ளிக்குள் விடை கிடைக்கும். அந்த 385-ஐ ஊர்வாரியாக, வயதுவாரியாக உடைத்துப் பேசத் தொடங்கினால் இந்தத் துல்லியம் பொருந்தாது.

எந்த எண்ணை விட வேண்டும், எதை வைக்க வேண்டும்

செய்தி பிடித்த இடத்தைச் சதுர செண்டிமீட்டரில் அளந்து, விளம்பரக் கட்டணத்தால் பெருக்கி, "இவ்வளவு பணத்துக்கு இணையான செய்தி" என்று காட்டும் விளம்பர இணை மதிப்பை முழுதாக விட்டுவிடுங்கள். உங்களைத் திட்டி அரைப் பக்கம் வந்தாலும் அந்தக் கணக்கில் அது லாபம். 2010-ல் பார்சிலோனாவில் கூடிய அளவீட்டு வல்லுநர்கள் வகுத்த பார்சிலோனா கோட்பாடுகள் இதை ஏற்க முடியாது என்று நேரடியாகவே கூறின. 2015-லும் 2020-லும் புதுப்பிக்கப்பட்டபோதும் அந்த நிலை மாறவில்லை. மேலதிகாரி கேட்டுப் பழகிவிட்டார் என்றால், இரண்டு மாதம் புதிய எண்களைப் பக்கத்தில் வைத்துக் காட்டிப் பிறகு பழையதை நிறுத்துங்கள்.

'சென்றடைந்தவர்கள்' என்ற எண்ணும் அதே அளவு ஆபத்தானது. ஒரு தளத்தின் மாத வாசகர் மொத்தத்தையும் உங்கள் ஒரு செய்தியின் வாசகர்களாக எழுதி, 20 தளங்களையும் கூட்டினால் அந்தத் தளங்கள் படிக்கப்படும் பகுதியின் மக்கள்தொகையையே தாண்டிவிடும்.

வைக்க வேண்டியவை சில. கருத்து ஊடுருவல், அதாவது உங்கள் கருத்து எத்தனை செய்திகளில் வந்தது என்பது: 60 செய்திகளில் 'பாதுகாப்பானது' என்பது 18-ல் வந்திருந்தால் 30%. இந்த ஒரு எண் அடுத்த மாதச் செய்திக்குறிப்பில் எதை முதல் பத்திக்கு ஏற்ற வேண்டும் என்று சொல்லிவிடும். குரல் பங்கு: ஒரு பொருள் குறித்த மொத்தக் குறிப்புகளில் (அமைப்புகளின் பெயர் வரும் இடங்களில்) உங்கள் பங்கு. உங்கள் பெயருக்குப் பல எழுத்து வடிவங்களையும் மற்ற அமைப்பின் பெயருக்கு ஒன்றை மட்டும் இட்டிருந்தால் அந்த ஒப்பீடு பொய்.

அதன் பிறகு செயல். ஒவ்வொரு ஊடகத்துக்கும் தனி யூடிஎம் குறி (வருபவர் எங்கிருந்து வந்தார் என்று காட்டும் குறி) இட்ட இணைப்பைக் கொடுங்கள். குறியை ஆங்கிலச் சிறிய எழுத்தில் மட்டும் எழுதுங்கள், பெரிய எழுத்து கலந்தால் தள வருகையை எண்ணும் கூகுள் அனலிட்டிக்ஸ் அதை வேறு மூலமாக எண்ணும். செயலிகள் வழியே வருபவர்களில் பலர் 'நேரடி வருகை' என்று பதிவாவதால், பதிவுப் படிவத்திலேயே "எங்கே அறிந்தீர்கள்?" என்று ஒரு கேள்வி வையுங்கள். ஒரு சொல்லை மக்கள் தேடும் போக்கைக் காட்டும் கூகுள் டிரெண்ட்ஸில் வரும் 0 முதல் 100 வரையான எண் தேடல் எண்ணிக்கை அல்ல, எடுத்த காலத்தின் உச்சத்தோடு ஒப்பிட்ட அளவு. இரண்டு தனித்தனித் தேடல்களின் எண்களை அருகருகே வைக்காதீர்கள்.

பிரசாரத்தால்தான் கூடியதா என்று காட்ட எளிய வழி: செய்தி நன்கு வந்த பகுதிகளையும் வராத பகுதிகளையும் ஒப்பிடுவது. முதல் வகையில் பதிவு 110-லிருந்து 170. இரண்டாவதில் 90-லிருந்து 110. அங்கே 60 கூடியது, இங்கே 20 கூடியது. பிரசாரத்துக்குச் சேர வேண்டியது ஏறத்தாழ 40. அதற்கு முன்பு இரு பகுதிகளும் ஒரே போக்கில் ஏறி இறங்கியிருந்தால்தான் இந்தக் கழித்தல் செல்லும்.

மாறிவரும் கண்காணிப்பு

தரவுக் கதவுகள் மூடிக்கொண்டு வருகின்றன. ட்விட்டர் (இப்போது எக்ஸ்) தன் இலவசத் தரவு அணுகலை 2023-ல் பெருமளவு முடக்கியது. சமூக ஊடகப் பதிவுகளைக் கண்காணிக்க உதவிய மெட்டாவின் கிரவுட்டாங்கிள் 2024 ஆகஸ்ட் 14-ல் நிறுத்தப்பட்டது. இப்படி ஒரு மூலம் அடைபடும்போது வரைபடத்தில் குறிப்புகள் சட்டெனச் சரியும். அதைப் பார்த்து 'மக்கள் ஆர்வம் குறைந்தது' என்று எழுதிவிடுவார்கள். மூலம் மாறிய நாளில் வரைபடத்தில் செங்குத்துக் கோடு போடுங்கள். இணைப்பு, தேதி, தலைப்பு, உங்கள் குறிப்பீடு ஆகியவற்றைச் சொந்த விரிதாளிலும் வைத்திருங்கள். சந்தா முடிந்ததும் கருவியோடு அவையும் போய்விடக் கூடாது.

இப்போது பலர் செய்திக்குப் பதிலாக சாட்ஜிபிடி, ஜெமினி போன்ற செயலிகளிடம் கேட்கிறார்கள். அங்கே உங்களைப் பற்றி என்ன சொல்லப்படுகிறது என்பதையும் அளக்கலாம். மக்கள் கேட்கக்கூடிய 20 கேள்விகளை நிலையாக வைத்து, மாதம் ஒருமுறை, ஒவ்வொன்றையும் ஐந்து முறை, ஒவ்வொரு முறையும் புதிய உரையாடலில் கேளுங்கள். விடை ஒவ்வொரு முறையும் மாறும் என்பதால் ஒரே ஒரு ஸ்கிரீன்ஷாட்டை வைத்து முடிவு செய்ய முடியாது. உங்கள் பெயர் எத்தனை முறை வந்தது, தகவல் சரியா, எந்தப் பக்கத்தை ஆதாரமாகக் காட்டியது என்று குறியுங்கள். தவறான தகவல் வந்தால் ஆதாரப் பக்கத்திலிருந்து திருத்தத் தொடங்குங்கள்.

தொலைக்காட்சி, பாட்காஸ்ட் பேச்சை எழுத்தாக்கும் வசதி கைக்கெட்டிவிட்டது. ஆனால் பெயர்கள் சிதையும். ஒரு வார எழுத்தாக்கத்தைப் படித்து, உங்கள் பெயர் எப்படியெல்லாம் சிதைகிறது என்று பார்த்து அந்தச் சிதைந்த வடிவங்களையும் தேடலில் சேருங்கள். மூடிய வாட்ஸ்அப் குழுக்களுக்குள் வேறு பெயரில் நுழைந்து பார்ப்பது வேண்டாம். அங்கே சுற்றும் வதந்தி உங்கள் உதவி எண்ணுக்கு வரும் கேள்விகளில் தெரிந்துவிடும். அழைப்பை எடுப்பவரிடம் ஒரு பதிவேடு கொடுங்கள்.

குறிப்புகள் திடீரெனக் கூடும்போது கருவியின் எச்சரிக்கை ஒலிக்க வேண்டிய எல்லைக்கு, கடந்த நான்கு வாரங்களில் அதே கிழமை, அதே மணிநேரத்தின் சராசரியை எடுத்து, அதன் மூன்று மடங்கில் வையுங்கள். எண்ணிக்கை சிறியதாக இருந்தால் குறைந்தது 10 குறிப்புகள் என்ற அடித்தளமும் வேண்டும். இல்லாவிட்டால் இரவில் ஒன்று மூன்றானதற்கெல்லாம் தொலைபேசி அலறும். 'வானிலை' போல எந்த நாளும் வந்தே தீரும் ஒரு சொல்லையும் கண்காணிப்பில் வையுங்கள். அதிலும் பூஜ்யம் என்றால் உலகம் அமைதியாக இல்லை, உங்கள் இணைப்பு அறுந்திருக்கிறது.

மாத அறிக்கை ஒரு பக்கம் போதும். முதல் வரியில் இலக்கு வாக்கியமும் இன்றைய எண்ணும். அடுத்து ஊடுருவல், தொனி, பகுதி ஒப்பீடு. பிறகு பலிக்காதது எது, அடுத்த மாதம் எதை மாற்றப் போகிறோம் என்ற இரண்டு வரிகள். பக்கத்தின் அடியில், அந்த மாதம் பயன்படுத்திய தேடல் வரியை முழுதாக, திருத்திய தேதியோடு ஒட்டிவிடுங்கள்.