டிடி (குடிச்சிட்டு வண்டி ஓட்டுன) கேஸ்ல லைசென்ஸ் போயிருச்சா? மதுரைல அதைத் திரும்ப வாங்குறது எப்படி

கோர்ட்ல ஃபைன் கட்டிட்டா லைசென்ஸ் தானா வீட்டுக்கு வந்துரும்னு நெறைய பேரு நெனைச்சுக்கிட்டு இருக்காங்க, வராதுங்க. குடிச்சிட்டு வண்டி ஓட்டுனதுக்கு கோர்ட்ல நடக்குறது ஒரு கேஸ், உங்க லைசென்ஸை என்ன பண்றதுன்னு ஆர்டிஓ ஆபீஸ்ல நடக்குறது வேற ஒண்ணு. ரெண்டும் தனித்தனி, ரெண்டையும் நீங்கதான் பின்னாடியே போயி முடிக்கணும். முதல் தடவை மாட்டுனவங்களுக்காக இதை எழுதுறேன், அதுலயும் லோடு ஆட்டோ, வேன் ஓட்டி பொழைக்கிறவங்க கண்டிப்பா முழுசா படிங்க.

ஸ்டெப் 1: ஸ்டேஷன்ல வாங்க வேண்டிய பேப்பர்

ஊதுன மெஷின்ல வர்ற ஸ்லிப்பை கேட்டு வாங்குங்க. 100 மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராமுக்கு மேல ஆல்கஹால் இருந்தா தான் மோட்டார் வாகனச் சட்டம் 185-வது பிரிவுல கேஸ், அதனால ஸ்லிப்ல உங்க பேரு, தேதி, நேரம், அளவு எல்லாம் சரியா இருக்கான்னு பாருங்க. லைசென்ஸை வாங்கி வச்சுக்கிட்டா அதுக்கு ஒரு ரசீது தரணும், அதையும் விட்டுறாதீங்க. வண்டியை எடுக்க ஆர்சி, இன்சூரன்ஸோட, குடிக்காத, லைசென்ஸ் இருக்குற ஒருத்தரைக் கூட்டிட்டுப் போங்க.

ஒண்ணு கவனிங்க, அந்த ரசீதைக் காட்டி வண்டி ஓட்டலாம்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க. லைசென்ஸ் திரும்ப கைக்கு வர்ற வரைக்கும் ஓட்டக்கூடாதுன்னு 206-வது பிரிவுலயே தெளிவா இருக்கு.

ஸ்டெப் 2: லைசென்ஸ் எங்க போச்சுன்னு கண்டுபிடிங்க

போலீஸ் அதை ஆர்டிஓவுக்கு அனுப்பி வைப்பாங்க. மதுரைல தெற்கு (TN-58), வடக்கு (TN-59), மத்தி (TN-64)-ன்னு மூணு ஆபீஸ் இருக்கு, உங்க லைசென்ஸ் தேனியிலயோ சிவகங்கையிலயோ எடுத்ததா இருந்தா குழப்பம் இன்னும் கூடும். அதனால ஸ்டேஷன்லயே எந்த ஆபீஸுக்கு அனுப்புனீங்க, கடித நம்பர் என்ன, தேதி என்னன்னு கேட்டு எழுதிக்கங்க. இந்த நம்பர் இல்லாம போனா அங்கிட்டு போ இங்கிட்டு போன்னு அலைய வேண்டியதுதான்.

ஸ்டெப் 3: நோட்டீஸும் பதிலும்

எல்லாத்துலயும் முக்கியமானது இது, இங்கதான் ஜனங்க கோட்டை விடுறாங்க. உங்க தரப்பைக் கேக்காம ஆர்டிஓ லைசென்ஸை சஸ்பெண்ட் பண்ண முடியாது, அதனால விளக்கம் கேட்டு ஒரு நோட்டீஸ் வரும். பழைய அட்ரஸுக்குப் போயி திரும்பிப் போறதும் நடக்கும், வர்றப்ப வரட்டும்னு உக்காந்திருக்காதீங்க, கொஞ்ச நாள் பாத்துட்டு நீங்களே வெள்ளனே ஆபீஸ் போயி கேளுங்க. ஏன்னா சஸ்பென்ஷன் நாள் கணக்கு ஆர்டர்ல போட்டிருக்குற தேதியிலருந்துதான் ஓடும், போலீஸ் பிடிச்ச ராத்திரியிலருந்து ஓடும்னு நெனைச்சா தப்பு. நோட்டீஸை வாங்காம நீங்க தள்ளிப்போட்ட நாளெல்லாம் வண்டியும் ஓட்ட முடியாது, கணக்குலயும் சேராது.

பதில் ஒரு பக்கம் போதும். பேரு, லைசென்ஸ் நம்பர், நோட்டீஸ் நம்பர், இதுக்கு முன்னாடி இப்படி கேஸ் எதுவும் இல்லைங்கறது, யாருக்கும் அடிபடலைன்னா அது, குடும்பம் இந்த லைசென்ஸை நம்பித்தான் இருக்குன்னா அது, இவ்வளவுதான். உண்மையை மட்டும் எழுதுங்க. கோர்ட்ல கேஸை எதிர்த்து நடத்தப் போறீங்கன்னா மட்டும் வக்கீலைக் கேக்காம ‘குடிச்சது உண்மைதான்’னு எழுதிக் குடுத்துறாதீங்க. வக்கீல் வைக்க வசதி இல்லாதவங்க மாவட்ட கோர்ட்ல இருக்குற சட்டப்பணிகள் ஆணைக்குழுவுல கேட்டுப் பாக்கலாம். பதிலோட நகல்ல சீல் போட்டு வாங்கிட்டுத்தான் வெளிய வரணும்.

முதல் தடவைன்னா ஆர்டிஓ ஒண்ணு விட்டுறலாம், இல்லன்னா 3 மாசம் சஸ்பெண்ட் பண்ணலாம், பெரும்பாலும் 3 மாசம்தான். ‘ஒரு மாசமா குறைச்சுத் தர்றேன்’னு வாசல்ல நிக்கிற புரோக்கர் சொன்னா காசைக் குடுக்காதீங்க. ஆர்டர் நியாயமில்லைன்னு பட்டா கைக்கு வந்த நாள்லருந்து 30 நாளுக்குள்ள அப்பீல் பண்ணலாம்.

ஸ்டெப் 4: கோர்ட்

இது ரோட்லயே காசைக் கட்டி முடிக்கிற கேஸ் இல்ல, மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போயாகணும். முதல் தடவைன்னா 10,000 ரூபாய் ஃபைன் இல்ல 6 மாசம் வரைக்கும் ஜெயில், ரெண்டும் சேர்த்தும் குடுக்கலாம். சம்மன் தேதியில போகாம விட்டா வாரண்ட் வரும். ஃபைன் கட்டுன ரசீதை பத்திரமா வைங்க, ஆர்டிஓ ஆபீஸ்ல கேக்க வாய்ப்பிருக்கு.

ஸ்டெப் 5: அந்த 3 மாசம்

ஓட்டாதீங்க. மாட்டுத்தாவணிக்கு விடியக்காலை காய் ஏத்துறவங்களுக்கு இது எவ்வளவு கஷ்டம்னு தெரியும், 3 மாச வருமானம் போறது சின்ன விஷயமில்ல. ஆனா தடை இருக்கப்ப ஓட்டி மாட்டுனா அதுக்கே தனியா 10,000 ரூபாய் ஃபைன் இல்ல 3 மாசம் வரைக்கும் ஜெயில், ரெண்டும் சேர்த்தும் குடுக்கலாம். அந்த நேரத்துல யாரையாச்சும் இடிச்சிட்டீங்கன்னா இன்சூரன்ஸ் கம்பெனி அடிபட்டவங்களுக்குக் குடுத்த பணத்தை உங்ககிட்டதான் வசூல் பண்ண வரும், வீட்டை வித்தாலும் அடையாது. வேற டிரைவரை போட்டு ஓட்டுங்க, இல்ல ஓனர்கிட்ட பேசி கிளீனராவோ லோடு ஏத்தவோ போங்க. கார்டு கையிலயே இருந்தாலும் சரி, லைசென்ஸ் விவரமெல்லாம் இருக்குற அரசாங்கத்தோட சாரதி சிஸ்டத்துல சஸ்பெண்டுன்னு ஏறிட்டா போலீஸுக்கு போன்லயே தெரிஞ்சிரும்.

ஸ்டெப் 6: திரும்ப வாங்குறது

ஆர்டர்ல போட்ட கடைசி நாள் முடிஞ்ச மறுநாள் ஆர்டர் நகல், ஸ்டேஷன் ரசீது, ஃபைன் ரசீது, ஆதார் எல்லாம் எடுத்துக்கிட்டு நேர்ல போங்க. டிரைவருங்களுக்கான புத்தாக்கப் பயிற்சி (ரெஃப்ரெஷர் கோர்ஸ்) முடிச்சாத்தான் லைசென்ஸ் தரணும்னு சட்டத்துல இருக்கு, அதனால எங்க போகணும், என்ன சர்டிஃபிகேட் வேணும்னு 3 மாசம் முடியுறதுக்கு முன்னாடியே கேட்டு முடிச்சு வைங்க. நடுவுல லைசென்ஸ் காலாவதி ஆகுதான்னும் பாருங்க, ஆகுதுன்னா ரினிவல் பத்தியும் அப்பவே பேசிருங்க.

ரெண்டாவது தடவை மாட்டுனா 3 மாசக் கதையே இல்ல, லைசென்ஸை ரத்தே பண்ணிருவாங்க, கோர்ட்ல ஃபைன் 15,000, ஜெயில் 2 வருஷம் வரைக்கும் போகும்.

கார்டு கைக்கு வந்ததும் வண்டிச் சாவியை எடுத்துறாதீங்க, முதல்ல அரசாங்கத்தோட பரிவாஹன் சைட்ல உங்க லைசென்ஸ் நம்பரைப் போட்டு ஆக்டிவ்னு வருதான்னு பாருங்க. இன்னும் சஸ்பெண்டுன்னே காட்டுனா ஆர்டர் நகலோட ஒரு மனு எழுதி அதே ஆபீஸ்ல குடுத்து சீல் வாங்குங்க, சிஸ்டத்துல மாறுன பிறகு ஓட்டுங்க.