பேக்கப்பிலிருந்து கோப்புகள் மெதுவாக மீளும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோப்புகளை மீட்கத் தொடங்கியபின், திரையில் காட்டும் மீதி நேரம் 2 மணி நேரத்திலிருந்து 11 மணி நேரமாக ஏறினால், பாதியில் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்குவதே பலரும் செய்யும் முதல் தவறு. ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் உள்ள ஃபோல்டரை எட்டும்போது வேகம் சரிவது இயல்பு. ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியே உருவாக்கி, அதன் பெயரையும் தேதியையும் பதிய வேண்டியிருப்பதால், 10 ஜிபி அளவுள்ள ஒரே வீடியோவைவிட அதே அளவுள்ள சிறு கோப்புகளுக்குப் பல மடங்கு நேரம் பிடிக்கும். ஆகவே, முதலில் ஒரு பெரிய கோப்பை மட்டும் மீட்டு, அதற்கான நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த ஒரு கோப்பே நொடிக்கு 30, 40 எம்பி வேகத்தைத் தாண்டவில்லை என்றால், மென்பொருளைக் குறை கூறுமுன் கேபிளைப் பாருங்கள். யுஎஸ்பி 2.0 இணைப்பின் உச்சவரம்பு நொடிக்கு 480 மெகாபிட், அதாவது 60 எம்பி (8 பிட் சேர்ந்தது ஒரு பைட்). நடைமுறையில் கிடைப்பது ஏறக்குறைய அந்த 30, 40 எம்பிதான். அந்த வேகத்தில் 500 ஜிபியை மீட்க ஏறக்குறைய மூன்றரை மணி நேரமாவது ஆகும். நானே ஒருமுறை மீட்பு மென்பொருளை இருமுறை நீக்கி நிறுவி ஒரு மாலைப்பொழுதை இழந்தபின்தான், டிஸ்க்கில் மாட்டியிருந்தது கைபேசிக்குச் சார்ஜ் போடும் கேபிள் என்பதைக் கவனித்தேன். பழைய தட்டையான பிளக்கின் உள்ளே 4 தொடுமுனைகள் மட்டும் இருந்தால் அது 2.0; உள்பக்கம் இன்னும் 5 முனைகள் தெரிந்தால் 3.0. கணினியின் போர்ட்டும் அதே தரத்தில் இருக்க வேண்டும்.

பேக்கப் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கிலேயே வேறொரு ஃபோல்டரில் மீட்பதையும் தவிருங்கள். படிக்கவும் எழுதவும் டிஸ்க்கினுள் இருக்கும் அதே வாசிப்பு முனை அங்குமிங்கும் அலைய வேண்டியிருப்பதால் வேகம் குறையும். வேகத்துக்காக ஆன்டிவைரஸை முழுவதுமாக அணைப்பதும் வேண்டாம். மீட்கும் ஃபோல்டருக்கு மட்டும் தற்காலிக விலக்கு கொடுத்து, முடிந்ததும் விலக்கை நீக்கி அந்த ஃபோல்டரை ஆன்டிவைரஸால் சோதித்தால் போதும்.

எல்லாவற்றையும்விடக் கேடான தவறு, டிஸ்க் பழுதாவதை வெறும் மந்தம் என்று எண்ணுவது. ஒரே கோப்பில் நெடுநேரம் நின்று, டிக் டிக் என்ற ஓசையும் கேட்டால், மீட்பைத் திரும்பத் திரும்ப முயல்வதும், டிஸ்க்கைச் சரிசெய்யும் கருவியை ஓட்டுவதும் மிஞ்சியிருப்பதையும் அழித்துவிடக்கூடும். அந்நிலையில் டிஸ்க்கை உடனே நிறுத்திவிட்டு, வேறு பிரதி இல்லையென்றால், தரவு மீட்பில் தேர்ந்தவரிடம் கொண்டு செல்லுங்கள்.