நல்ல காசுக்கடைக்காரரைத் தேடும்போது நாம் செய்கிற தவறுகள்

தாத்தாவின் தகர டப்பாவைத் திறந்த நாளிலிருந்து ஆரம்பிக்கிறேன். உள்ளே பதினேழு வெள்ளி ரூபாய், ஒரு கைப்பிடி செப்புக் காசு, ஏழெட்டு ஓட்டைக் காலணா. எல்லாம் கறுத்துப் போயிருந்தன. அம்மா உடனே புளியைக் கரைத்து, குத்துவிளக்கைத் தேய்ப்பது போலத் தேய்த்து, துண்டில் பரப்பி உலர்த்தினார். நான் அவற்றை ஒரு பையில் போட்டுக்கொண்டு, பஜாரில் முதலில் கண்ணில் பட்ட கடைக்குப் போனேன். கடைக்காரர் வெள்ளி ரூபாய் ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்க்கவில்லை. மொத்தமாகத் தராசில் கொட்டினார், ஒரு தொகை சொன்னார். நான் தலையாட்டிவிட்டு, பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பில் கேட்கவில்லை. காசுகளை ஒரு போட்டோகூட எடுத்து வைக்கவில்லை.

அந்தக் கடைக்காரர் மேல் வெகுநாள் கோபம் இருந்தது. பிறகு காசு சேர்க்க ஆரம்பித்து, பல கடைகள் ஏறி இறங்கிய பின்தான் புரிந்தது: கடை வாசலை மிதிப்பதற்கு முன்பே பாதித் தவறை நானே செய்து முடித்திருந்தேன்.

முதல் தவறு அந்தப் புளிதான். புளி, எலுமிச்சை, விபூதி, பல்பொடி எதுவுமே வேண்டாம். பழைய செம்பின் மேல் படிந்திருக்கும் பழுப்பு, வெள்ளியின் மேல் மெல்லப் பரவியிருக்கும் கருமை, இதெல்லாம் அழுக்கு இல்லை. அந்தக் காசின் வயது. சேகரிப்பவர்கள் அதற்குத்தான் விலை கொடுக்கிறார்கள். தேய்த்த காசின் மேல் மயிரிழை போன்ற கீறல்கள் விழும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும். பிறகு எவ்வளவு நேர்மையான வியாபாரியாக இருந்தாலும் விலையைக் குறைத்துத்தான் சொல்ல முடியும். மண் ஒட்டியிருந்தால்கூட அப்படியே கொண்டுபோங்கள்.

இரண்டாவது, கையில் இருப்பது என்னவென்றே தெரியாமல் போவது. நிபுணராக வேண்டியதில்லை, ஒரு மாலை நேரம் போதும். 1835 முதல் 1939 வரை ஆண்டு போட்ட பிரிட்டிஷ் இந்திய வெள்ளி ரூபாய் ஒரு தோலா எடை, அதாவது 11.66 கிராம். அதில் 91.7 சதவீதம் வெள்ளி. 1940-லிருந்து 1945 வரை வந்த ரூபாயில் பாதிதான் வெள்ளி. 1947 ரூபாயில் வெள்ளியே கிடையாது, முழுக்க நிக்கல். காந்தத்தைக் காட்டினால் ஒட்டிக்கொள்ளும். இந்த மூன்றையும் ஒரே குவியலாகக் கொண்டுபோய்க் கொட்டினால், யாருக்கு லாபமோ அவர் கணக்குப்படிதான் எடை விழும். வீட்டிலேயே ஆண்டுவாரியாகப் பிரித்து, ஒரு தாளில் எழுதி, இரண்டு பக்கமும் போட்டோ எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். கடைக்காரர் உங்களிடம் பேசுகிற விதமே மாறும்.

எந்தக் கடைக்குப் போவது என்பதிலும் குழப்பம் உண்டு. நகைக்கடையும் அடகுக்கடையும் காசுக்கடை ஆகாது. அங்கே வெள்ளி ரூபாய் என்றால் உருக்கினால் எத்தனை கிராம் என்பதுதான் கணக்கு. அது அவர்கள் தொழில், தப்பில்லை. ஆனால் காசைக் காசாகப் பார்க்கிறவர் வேறு ஆள். அவரைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி, சேகரிப்பவர்கள் கூடுகிற இடத்துக்குப் போவதுதான். சென்னையில் மெட்ராஸ் காயின் சொசைட்டி இருக்கிறது. மற்ற ஊர்களிலும் நாணயவியல் கழகங்கள், அவ்வப்போது நடக்கும் கண்காட்சிகள் உண்டு. கண்காட்சியில் பத்து மேஜை பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஒரே காசுக்குப் பத்துப் பேர் சொல்லும் விலையையும் அரை மணி நேரத்தில் கேட்டுவிடலாம். அதைவிட முக்கியம், அங்கே வருகிற பழைய சேகரிப்பாளர்களிடம், “நீங்க யார்கிட்ட வாங்குறீங்க?” என்று கேளுங்கள். இரண்டு மூன்று பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். வாங்கவோ விற்கவோ கிளம்பும் முன் ஒருமுறை எழும்பூர் அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவையும் பார்த்துவிடுங்கள். அசல் காசின் முகம் கண்ணில் பதிந்தால் போலி தானாகவே உறுத்த ஆரம்பிக்கும்.

சரி, கடையைக் கண்டுபிடித்துவிட்டோம். அடுத்து பெரும்பாலோர் செய்யும் தவறு, ஆளின் சிரிப்பை வைத்து முடிவு செய்வது. டீ வாங்கிக் கொடுத்து, குடும்பத்தை விசாரித்து, “உங்களுக்காக மட்டும்” என்று ஒரு காசை மேஜைக்கு அடியிலிருந்து எடுப்பவரும் உண்டு. முகத்தைச் சுளித்துக்கொண்டே சரியான விலை சொல்பவரும் உண்டு. என்னைப் பொறுத்தவரை அன்பான வியாபாரி என்றால், கேட்ட கேள்விக்குப் பொறுமையாகப் பதில் சொல்பவர். நேர்மையான வியாபாரி என்றால், தன் காசில் உள்ள குறையை நாம் கேட்காமலே சொல்பவர்.

எனக்கு வாடிக்கையான பெரியவர் அப்படித்தான் எனக்குப் பிடித்துப்போனார். முதன்முதலில் அவர் கடையில் 1862 விக்டோரியா ரூபாய் ஒன்றைப் பார்த்து, அழகாக இருக்கிறதே என்று கையை நீட்டினேன். அவர் காசின் விளிம்பை மட்டும் இரண்டு விரலால் பிடித்து, லென்ஸை என் கையில் கொடுத்தார். டியூப்லைட்டுக்குக் கீழே மெதுவாகச் சுழற்றினார். அரசியின் தலைக்கு நேர் மேலே, விளிம்பில் ஓர் இடத்தில் மட்டும் கோடுகள் மழுங்கி, சின்ன மேடாக இருந்தது. “வளையம் பத்த வச்ச தடம் தம்பி. காசுமாலையில கோத்திருந்தது. நான் பாதி விலைதான் போட்டிருக்கேன், நாளைக்கு வேற யாராவது காட்டி நீங்க வருத்தப்படக் கூடாது” என்றார். பிறகு காசைத் திருப்பிப் பின்பக்கத்தில் இருந்த ஊசிமுனைப் புள்ளிகளை எண்ணச் சொன்னார். 1862 என்று போட்ட ரூபாய் அந்த ஓர் ஆண்டில் மட்டும் அடித்ததல்ல. 1874 வரைக்கும் அதே ஆண்டைத்தான் போட்டுக்கொண்டிருந்தார்கள். பம்பாய் நாணயச் சாலையில் அடித்தவற்றை இன்ன ஆண்டு என்று பிரித்தறிய அந்தப் புள்ளிகள்தான் துணை. அன்று அந்தக் காசை வாங்கினேன். என் டப்பாவில் இருந்த ரூபாய்களில் யாராவது இப்படிப் புள்ளி எண்ணியிருப்பார்களா என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன்.

கடைக்காரரைச் சோதிக்க வேண்டுமென்றால் சண்டைக்காரர் போலக் கேட்க வேண்டாம், சாதாரணமாகக் கேளுங்கள். “ஒரு வருஷம் கழிச்சுத் திருப்பிக் கொண்டுவந்தா என்ன விலைக்கு எடுத்துக்குவீங்க?” “போலின்னு தெரிஞ்சா பணத்தைத் திருப்பித் தருவீங்களா? பில்லில் எழுதித் தர முடியுமா?” இதற்கு மழுப்புகிறவரிடம் பெரிய தொகைக்கு வாங்காதீர்கள். இன்னொரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. ராமர், சீதை, அனுமார் உருவத்தோடு ‘கிழக்கிந்தியக் கம்பெனி 1818’ என்று போட்ட பித்தளை, செம்பு வில்லைகளைக் கோயில் வாசல்களில் பார்த்திருப்பீர்கள். கம்பெனி அப்படி ஒரு காசு அடிக்கவே இல்லை. அவை பிற்காலத்தில் பக்திக்காகவும் வியாபாரத்துக்காகவும் செய்தவை. அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து ஆயிரக்கணக்கில் விலை சொல்கிற கடையில் அதற்கு மேல் ஒரு நிமிடமும் நிற்க வேண்டியதில்லை.

‘தெரியாது’ என்று சொல்லத் தயங்காதவரையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். சங்ககாலக் காசுகள் விஷயத்தில் இது ரொம்ப முக்கியம். 1980-களில் நாணயவியல் ஆய்வாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி ‘பெருவழுதி’ என்று தமிழ் பிராமியில் பெயர் பொறித்த பாண்டியர் காசை வெளிக்கொண்டுவந்த பிறகு, சின்னச் சின்னச் சதுரச் செப்புக் காசுகளுக்கெல்லாம் திடீரென்று மதிப்பு கூடியது. மதிப்பு கூடுகிற இடத்தில் வார்ப்புப் போலிகளும் வரும். ராஜராஜன் பெயர் பொறித்த செப்புக் காசு தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் ஏராளமாகக் கிடைக்கிறது. புதிதாக ஆரம்பிப்பவர் அதிலிருந்து தொடங்கலாம். அரிய காசுக்கு அவசரப்பட வேண்டாம். 1939 ஆறாம் ஜார்ஜ் ரூபாய் அரிது என்று எல்லோருக்கும் தெரியும், போலி செய்கிறவர்களுக்கும் தெரியும். எழுத்துகள் சோப்பு கரைந்தது போல மழுங்கியிருக்கிறதா, பரப்பில் பொடிக் குழிகள் இருக்கிறதா, விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடு ஓடுகிறதா, எடை குறைகிறதா என்று பார்க்கப் பழகுங்கள். அதுவரை சின்னத் தொகைக்கே வாங்குங்கள். ஆறு மாதம் சின்னச் சின்னதாக வாங்கினாலே அந்த ஆள் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிடும்.

விற்கப் போகிறவர்களின் பெரிய எதிரி போனில் வருகிற வீடியோக்கள். வைஷ்ணோதேவி படம் போட்ட 2012 காசு பல லட்சம், டிராக்டர் படம் போட்ட ஐந்து ரூபாய் நோட்டு பல லட்சம் என்று வருவதை நம்பி, வயதானவர்கள் வெயிலில் பஸ் ஏறி கடைக்கு வருவதைப் பார்த்திருக்கிறேன். பத்து ரூபாய்க் காசுக்கு எந்த வியாபாரியும் லட்சம் தரப்போவதில்லை. அதை நேராகச் சொல்பவரைத் திட்டிவிட்டு, இனிக்க இனிக்கப் பேசும் போன் குரலிடம் பதிவுக் கட்டணம், வரி என்று பணம் கட்டி ஏமாறுகிறார்கள். ரிசர்வ் வங்கி இதற்காகவே 2021 ஆகஸ்டில் ஓர் அறிவிப்பு விட்டது: பழைய நோட்டு, நாணயம் வாங்கி விற்கும் வேலையில் தான் இல்லை, அதற்குக் கட்டணமோ கமிஷனோ வாங்குவதில்லை, தன் பெயரில் அவற்றை வசூலிக்க யாருக்கும் அனுமதி கொடுக்கவும் இல்லை என்று. உங்களிடம் காசை வாங்குகிறவர் உங்களுக்குத்தான் பணம் தர வேண்டும். உங்களிடம் முதலில் பணம் கேட்டால் போனை வைத்துவிடுங்கள்.

வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்தும் கோபப்பட வேண்டாம். நீங்கள் கொடுக்கும் காசு அவர் ஆல்பத்தில் மூன்று வருடம் தூங்கலாம். அதற்குள் கடை வாடகை ஓடும். எல்லோரும் தேடுகிற காசுக்கு இடைவெளி குறைவாக இருக்கும், எங்கும் கிடைக்கிற ஓட்டைக் காலணாவுக்கு அதிகமாக இருக்கும். அவர் வாய் திறந்து காரணம் சொல்கிறாரா என்றுதான் பார்க்க வேண்டும். மொத்தமாக விற்பதாக இருந்தால் மூன்று கடையிலாவது கேளுங்கள். ஒரே நாளில் முடிக்காதீர்கள். “இன்னிக்கே கொடுத்தாத்தான் இந்த விலை” என்று சொன்னால் பையை மூடிக்கொண்டு கிளம்பலாம்.

நம் பக்கமும் கொஞ்சம் மரியாதை வேண்டும். காசின் முகத்தில் விரல் படாமல் விளிம்பில் பிடிப்பது, அவர் ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்ததைக் கேட்டுவிட்டு அவர் எதிரிலேயே போனில் வேறு விலை தேடாமல் இருப்பது, வியாபாரம் கூட்டமாக இருக்கும் நேரத்தில் டப்பாவோடு போய் நிற்காமல் முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு போவது. இதெல்லாம் செய்கிற வாடிக்கையாளருக்குத்தான், நல்ல காசு வரும்போது முதல் போன் வரும்.

கடைசியாகச் சட்டம். நூறு வருடம் தாண்டிய காசு 1972 தொல்பொருள் சட்டத்தின்படி தொல்பொருள். அதை நாமாக வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. மண்ணிலிருந்து புதையலாகக் கிடைத்தால், 1878 சட்டப்படி கலெக்டரிடம் தெரிவிக்க வேண்டும். பில் தர மறுப்பவரும், “எங்கே கிடைச்சதுன்னு கேட்காதீங்க” என்பவரும் நம்மையும் சேர்த்துத்தான் மாட்டிவிடுவார்கள்.

ஒரு நாள் நான் பெரியவர் கடையில் உட்கார்ந்திருந்தபோது, கிராமத்திலிருந்து ஒருவர் வேட்டித் துணியில் முடிந்த ஒரு கனத்த மூட்டையை மேஜை மேல் வைத்தார். கிணறு வெட்டும்போது ஒரு பானையில் கிடைத்ததாம். துணியில் ஈரமண் கறை. பெரியவரின் கண் அந்த மூட்டையை விட்டு நகரவில்லை. நாற்பது வருடமாகக் காசு பார்க்கிற மனிதர், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க அவருக்கு எவ்வளவு ஆசை இருந்திருக்கும். அவர் முடிச்சை இன்னும் ஒரு சுற்று இறுக்கிக் கட்டி, இரண்டு கையாலும் எடுத்து அவரிடமே திருப்பிக் கொடுத்தார். “இதை நான் பார்க்கவே கூடாதுங்க. நேரா தாசில்தார் ஆபீசுக்குப் போங்க” என்று சொல்லி, எந்த பஸ் என்று ஒரு சீட்டில் எழுதியும் கொடுத்தார்.